இந்தியத் தட்டின் நெடும்பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி ஏன் மேற்கே பிறந்து கிழக்கே ஓடுகிறது? இமயத்தின் மடியில் இருக்கும் முக்திநாத்தில் சாளக்கிராமம் ஏன் கிடைக்கிறது? 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அலை எங்கிருந்து கிளம்பியது? இந்த மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: நாம் நிற்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. பள்ளியில் ஒரு வரியாகப் படித்துக் கடந்துவிடும் இந்த விஷயம் நம் ஆறு, மலை, கடற்கரை எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்கள்.

புவித்தட்டும் கண்டமும் ஒன்றா?

இல்லை. பூமியின் மேலோடும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் கவசத்தின் (மேலோட்டுக்கும் பூமியின் மையக் கருவத்துக்கும் இடையிலுள்ள தடித்த பாறைப் பகுதி) குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 100 கி.மீ. தடிமனுள்ள கெட்டியான பாறை அடுக்காக இருக்கின்றன. இந்த அடுக்கு ஏழெட்டுப் பெரிய துண்டுகளாகவும் பல சிறு துண்டுகளாகவும் உடைந்து கிடக்கிறது. அந்தத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு தட்டு.

பெரும்பாலான தட்டுகள் நிலத்தையும் கடலையும் சேர்த்தே சுமக்கின்றன. இந்தியத் தட்டில் நம் தீபகற்பம் மட்டுமல்ல, இலங்கை, லட்சத்தீவு, மாலத்தீவு, வங்காள விரிகுடாவின் அடித்தரை, அரபிக்கடலின் பெரும்பகுதி எல்லாம் அடக்கம். அதனால்தான் தமிழ்நாடும் இலங்கையும் ஒன்றையொன்று நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

கண்டத்து மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ. வரை தடிமனானது, ஆனால் எடை குறைந்த பாறை. கடலடி மேலோடு 7 கி.மீ. அளவுதான், ஆனால் அடர்த்தி மிகுந்தது. இரண்டு தட்டுகள் மோதும்போது எது மேலே நிற்கும், எது கீழே போகும் என்பதை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான்.

தட்டுகள் உருகிய பாறைக்குழம்பின் மேல் மிதக்கின்றனவா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பாடநூல் படங்களில் தட்டுக்குக் கீழே சிவப்பு நிறத்தில் தீட்டியிருப்பதும் ஒரு காரணம். உண்மையில் கவசம் திடப்பாறை. நிலநடுக்கத்தின்போது எழும் அலைகளில் ஒரு வகையான குறுக்கலைகள் திரவத்தின் ஊடே செல்லாது. அவை கவசத்தைக் கடந்து வருகின்றன. ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழத்தில் வெளிக்கருவம் தொடங்கும் இடத்தில்தான் நின்றுபோகின்றன. திரவமாக இருப்பது அந்தக் கருவப் பகுதி.

கவசம் திடமாக இருந்தாலும் கடும் வெப்பத்தில் மிக மிக மெதுவாக ஓடக்கூடியது. ஒரு மனித ஆயுளில் பார்த்தால் அது அசையாத பாறை. லட்சக்கணக்கான ஆண்டுகளில் பார்த்தால் இளகி ஓடும் பொருள். எரிமலைக் குழம்பு எங்கும் தேங்கி நிற்பதில்லை. தட்டு எல்லைகள் போன்ற சில இடங்களில் மட்டும், பாறையின் ஒரு சிறு பங்கு உருகி உருவாகிறது.

அப்படியானால் அவற்றை நகர்த்துவது எது?

அடிப்படைக் காரணம் வெப்பம். பூமி உருவானபோது சேர்ந்த வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவில் வரும் வெப்பமும் உள்ளிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. சூடான பாறை மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும்.

ஆனால் கீழே சுழலும் ஓட்டம் தட்டைத் தூக்கிச் செல்கிறது என்ற பழைய விளக்கம் பாதிதான் சரி. தட்டும் இந்தச் சுழற்சியின் ஒரு பகுதியே. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனமாகிறது. ஒரு கட்டத்தில் அதன் விளிம்பு கவசத்துக்குள் இறங்கத் தொடங்குகிறது. மேசைமேல் விரித்த ஈரத்துணியின் ஒரு முனை விளிம்பைத் தாண்டித் தொங்கினால், மீதித் துணியும் அதன் பின்னாலேயே சரிந்து வருமல்லவா, அதுபோல இறங்கும் விளிம்பு தட்டு முழுவதையும் இழுக்கிறது. இன்று பெரும்பாலான புவியியலாளர்கள் இந்த இழுப்பையே முதன்மையான விசையாகக் கருதுகிறார்கள். கடலடி மலைத்தொடரின் உயரத்திலிருந்து தட்டு சரியும் தள்ளுதலும் உண்டு, அது இதைவிடச் சிறியது.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒருவர் பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பொருந்தும் கரைகள், கடலுக்கு இருபுறமும் ஒரே தொல்லுயிர் எச்சங்கள், இன்று வெயில் கொளுத்தும் நாடுகளில் பனிப்பாறை உரசிய தடயங்கள் என்று அவரிடம் சான்றுகள் நிறைய இருந்தன. எந்த விசை நகர்த்துகிறது என்று மட்டும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு பலரும் அவரை ஒதுக்கினார்கள். 1930-இல் கிரீன்லாந்து பனிவெளியில் அவர் இறந்தபோது அவர் கருத்து ஏற்கப்படவில்லை.

திருப்பம் கடலுக்கு அடியிலிருந்து வந்தது. 1950-களில் அமெரிக்காவில் மேரி தார்ப், புரூஸ் ஹீசன் இருவரும் ஒலியலை அளவீடுகளைக் கொண்டு கடலடி வரைபடங்களைத் தயாரித்தார்கள். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை முதலில் கண்டவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அப்போது அனுமதி இல்லை. கரையில் மேசை முன் அமர்ந்து, பிறர் கொண்டுவந்த எண்களிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கை வரைந்தார். முதலில் உடன் பணியாற்றியவரே நம்பவில்லை. பிற்பாடு நிலநடுக்கங்கள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே வரிசையாக நிகழ்வது தெரிந்தபோது மறுக்க வழியில்லாமல் போயிற்று. அறிவியல் வரலாற்றில் இவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

1962-இல் ஹாரி ஹெஸ் அந்த மலைத்தொடர்களில் புதிய கடற்தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று எழுதினார். அதற்குச் சான்று கிடைத்தது நம் பக்கத்துக் கடலில். இந்தியப் பெருங்கடலின் வடமேற்கே உள்ள கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின் மேல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் 1962-இல் காந்த அளவீடு செய்தது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாக மாறும். புதிதாக உறையும் பாறை அந்தந்தக் காலத்துத் திசையைத் தன்னுள் பதிந்துகொள்ளும். கடற்தரையில் இந்தத் திசை மாறி மாறிப் பட்டைகளாக இருப்பதை 1963-இல் பிரடெரிக் வைன், டிரமண்ட் மேத்யூஸ் இருவரும் கடற்தரை விரிவின் சான்றாக விளக்கினார்கள். 1960-களின் இறுதிக்குள் தட்டுகள் என்ற முழு விளக்கமும் உருவாகிவிட்டது.

தட்டுகள் சந்திக்கும் இடங்களில் என்னதான் நடக்கிறது?

மூன்றில் ஒன்று நடக்கும். விலகினால் இடைவெளியில் புதிய மேலோடு பிறக்கும். ஐஸ்லாந்தில் அதை நிலத்தின்மேலேயே பார்க்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு கண்டமே பிளக்கத் தொடங்கியிருக்கிறது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 2005-இல் சில நாட்களுக்குள் ஏறக்குறைய 60 கி.மீ. நீளத்துக்கு நிலம் விரிந்தது.

உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் போன்ற பிளவு. அங்கே எரிமலை இல்லை, நிலநடுக்கம் உண்டு.

மோதினால் எவை மோதுகின்றன என்பதைப் பொறுத்தது. கடலடித் தட்டு கீழே அமிழ்ந்தால் அகழியும் எரிமலை வரிசையும் உருவாகும். பசிபிக்கைச் சுற்றியுள்ள நெருப்பு வளையம் இந்த வகை. உலகின் மிக ஆழமான மரியானா அகழியும் அப்படித்தான், ஏறக்குறைய 10,900 மீட்டர். இரண்டு பக்கமும் கண்டமாக இருந்தால் எதுவும் எளிதில் அமிழாது, மலை எழும். அதுதான் நம் வடக்கே நடப்பது.

இந்தியா முன்பு எங்கே இருந்தது?

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா ஆகியவற்றோடு ஒட்டிய கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவே, தென் துருவத்தை நோக்கிய பகுதியில் இருந்தது. நம் கிழக்குக் கரை அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. மேற்குக் கரையின் பக்கம் மடகாஸ்கர்.

ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்குப் பக்கம் பிளந்தது. 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாக்கில் மடகாஸ்கர் பிரிந்தது. பிறகு இந்தியா தனித்தீவாக வடக்கே கிளம்பியது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கும் மேல் நகர்ந்தது. தட்டுகளின் கணக்கில் அது அசாதாரண வேகம்.

கிழக்குப் பக்கம் பிளந்தபோது உண்டான பள்ளங்களில் ஒன்றுதான் காவிரிப் படுகை. அதில் கடல் புகுந்தது, வண்டல் படிந்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் உயிர்ப்பொருள் எண்ணெயும் எரிவாயுவும் ஆனது. நரிமணத்தில் கிணறு தோண்டுவதற்கான காரணம் அண்டார்டிகா நம்மைவிட்டுப் போன நாளில் தொடங்குகிறது.

வழியில் என்ன நடந்தது?

தக்காணம் நடந்தது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கவசத்தின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஒரு புள்ளியின் மேல் இந்தியா கடந்து போனது. அலையலையாக லாவா பெருகி நிலத்தை மூடியது. இன்று எஞ்சியிருப்பது மட்டுமே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாராஷ்டிரப் பகுதியில் அடுக்கின் கனம் ஒரு கி.மீ.க்கு மேல். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது இந்த எரிமலைப் பாறையில்தான். டைனோசர்கள் அழிந்த காலமும் இதை ஒட்டியதுதான். மெக்சிகோவில் விழுந்த விண்கல்லுக்கும் இந்த லாவாப் பெருக்குக்கும் அந்த அழிவில் எவ்வளவு பங்கு என்று இன்னும் வாதம் நடக்கிறது.

அந்த வெப்பப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்க, தட்டு மேலே நகர்ந்துகொண்டே போனது. அதன் தடமாகத்தான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தெற்கே நீளும் கடலடி மேடு உருவானது. அந்த எரிமலை மேட்டின்மேல் பவளம் வளர்ந்ததால் இன்று அவை தீவுகள். அதே புள்ளி இப்போது ரீயூனியன் தீவின் அடியில் இருக்கிறது. அங்குள்ள எரிமலை இன்றும் அடிக்கடி வெடிக்கிறது. வரைபடத்தில் மும்பையிலிருந்து லட்சத்தீவு வழியாக ரீயூனியன் வரை விரலால் கோடிழுத்துப் பாருங்கள். நாம் வந்த வழியின் ஒரு பகுதி அது.

இந்தப் பயணத்துக்கு உயிருள்ள சாட்சி ஏதாவது உண்டா?

உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஊதாத் தவளை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும். 2003-இல்தான் அறிவியல் உலகுக்கு முறையாக அறிமுகமானது. அதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவுக் குடும்பம் இந்தியாவில் எங்கும் இல்லை, அரபிக்கடலைத் தாண்டி சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. தவளையால் உப்புக்கடலை நீந்திக் கடக்க முடியாது. சீஷெல்ஸும் இந்தியாவும் ஒட்டியிருந்த காலத்தில் ஒரே இனமாக இருந்தவை, நிலம் பிரிந்தபோது தாமும் பிரிந்தன.

இமயமலையில் கடல் உயிரிகளின் எச்சங்கள் எப்படி வந்தன?

மலை கடலுக்குள் இருந்ததால். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே தெதிஸ் என்ற கடல் இருந்தது. இந்தியாவின் வடகரையை ஒட்டிய ஆழமற்ற கடலில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சுண்ணாம்பும் சேறும் படிந்தன. ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவின் மேல் மோதத் தொடங்கியது. படிந்திருந்த அடுக்குகள் நசுங்கி, மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி உயர்ந்தன. 8,848.86 மீட்டர் உயர எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். அதில் கடல்வாழ் உயிரிகளின் சிதைவுகள் கிடைக்கின்றன.

சாளக்கிராமமும் இதுதான். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கருங்கற்களுக்குள் இருக்கும் சக்கர வடிவம், அம்மோனைட் என்ற கடல் உயிரியின் சுருள் ஓடு. 14 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கணவாய்மீனின் தூரத்து உறவான அந்த உயிரினம் இன்று பூமியில் இல்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக முக்திநாத்தைத் தரிசிக்கப் போகும் தமிழ் வைணவர்கள், கடல்மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கு மேல் ஏறி, ஒரு பழங்கடலின் அடித்தரைக்குப் போய் நிற்கிறார்கள். பக்திக்கும் இந்த அறிவுக்கும் பகை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கல்லின் வயதை அறிந்து கையில் ஏந்தினால் அதன் கனம் கூடத்தான் செய்கிறது.

அந்தத் தெதிஸ் கடல் எங்கே போனது?

அதன் அடித்தரை ஆசியாவின் அடியில் அமிழ்ந்து கவசத்துக்குள் போய்விட்டது. நிலநடுக்க அலைகள் எங்கே வேகமாகவும் எங்கே மெதுவாகவும் செல்கின்றன என்று பார்த்து, அந்தக் குளிர்ந்த பலகைகளின் மிச்சங்களை ஆய்வாளர்கள் ஆழத்தில் இன்றும் அடையாளம் காண்கிறார்கள்.

இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு சற்றுக் குறைந்த ஒரு பெரும்பரப்பு இருக்கிறது. அதனால் அங்கே கடல்மட்டமே உலக சராசரி வடிவத்தைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2023-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: அமிழ்ந்த தெதிஸ் பலகைகள் கவசத்தின் அடியாழம் வரை இறங்கி, அங்குள்ள சூடான, லேசான பொருளைக் கலக்கி மேலெழச் செய்ததன் விளைவு இது என்று. மறைந்த கடல் இன்றுள்ள கடலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது உண்மையிலேயே வியக்க வைக்கிறது.

நிலம் நகர்வதை இன்று அளக்க முடிகிறதா? இமயமலை இன்னும் வளர்கிறதா?

இரண்டுக்கும் ஆம். பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் பாறையில் பதித்த ஜிபிஎஸ் நிலையங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்காக நகர்கின்றன. எண்பது வயது வாழ்ந்தவர் நான்கு மீட்டர் பயணம் செய்திருப்பார், ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாமலேயே.

இந்த நெருக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ. இமயமலைக்குள் அடைபடுகிறது. மலை உயர்கிறது, மழையும் பனியாறும் அதைத் தேய்க்கின்றன. தேய்ந்த மண்ணைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்காள விரிகுடாவில் கொட்டுகின்றன. அந்த வண்டல் கடலடியில் ஏறக்குறைய 3,000 கி.மீ. நீளத்துக்கு, இலங்கையைத் தாண்டி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கு வரை பரவிக் கிடக்கிறது. சென்னையிலிருந்து கிழக்கே ஆழ்கடலுக்குப் போனால் அடியில் இருப்பது இமயமலையின் பொடி.

அடைபட்ட நெருக்கம் அமைதியாக வெளியேறுவதில்லை. 1934 பீகார்-நேபாளம், 1950 அசாம், 2015 நேபாளம் எல்லாம் அது விடுபட்ட தருணங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவு நிலநடுக்கத்தில் காத்மாண்டுப் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் மோதலில் எழுந்ததுதானா?

இல்லை. இது பிரிவில் உருவான மலை. மடகாஸ்கரும் பின்பு சீஷெல்ஸும் பிரிந்தபோது உடைந்த விளிம்பு மேற்குக் கரை. பிரிவின்போது விளிம்பு உயர்ந்தது, பிறகு கோடிக்கணக்கான ஆண்டு மழை அரித்து இன்றைய செங்குத்துச் சரிவைச் செதுக்கியது. அதனால்தான் கேரளப் பக்கம் சரிவு செங்குத்தாகவும் நம் பக்கம் பீடபூமி மெல்லச் சாய்வாகவும் இருக்கின்றன.

தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் நேர்க்கோட்டில் 50 கி.மீ. அளவுதான். ஆனாலும் காவிரி அதைப் புறக்கணித்துவிட்டு 800 கி.மீ. கிழக்கே ஓடிப் பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. தஞ்சையின் வயல்களுக்கு நீர் தந்தது அந்தச் சாய்வு. பாலக்காட்டுக் கணவாய் மட்டும் தனிக்கதை: கோண்டுவானா உருவான காலத்தில் நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று அழுந்தி நசுங்கிய ஒரு மிகப் பழைய பட்டையின் மேல் அது அமைந்திருக்கிறது. கோயம்புத்தூருக்குக் காற்று வரும் வாசல் அது.

2004 சுனாமிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடக்கே மோதும் அதே இந்தியத் தட்டு, கிழக்கே சுமத்ரா–அந்தமான் வரிசையின் அடியில் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அமிழும்போது உராய்வால் மேல்தட்டின் விளிம்பு மாட்டிக்கொள்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அதுவும் சேர்ந்து கீழே இழுபட்டு வளைகிறது. டிசம்பர் 26 காலை இந்திய நேரப்படி 6.28 மணி வாக்கில் பிடி விட்டது. சுமத்ராவின் வடமுனையிலிருந்து அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளவு ஓடியது. அளவு 9.1. வளைந்திருந்த கடற்தரை சில மீட்டர் துள்ளி எழுந்து, தன்மேல் இருந்த கடல் முழுவதையும் தூக்கியது.

ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில், மணிக்கு 700 கி.மீ. அளவில் பயணித்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தமிழகக் கரையை அடைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் எத்தனை உயிர்கள் தப்பியிருக்கும் என்பதை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் நாகை மாவட்டத்தினர். இலங்கையில் 30,000-க்கும் மேல். மொத்தம் 2 லட்சத்துக்கும் அதிகம்.

நிலவடிவமும் மாறியது. இந்தியாவின் தென்கோடியான கிரேட் நிகோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் நீருக்குள் ஆனது. வட அந்தமானில் அதற்கு நேர்மாறாகப் பவளப்பாறைகள் கடலுக்கு மேலே உயர்ந்து காய்ந்தன. இந்தியாவில் இன்று வெடிக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவும் இதே அமிழ்வின் விளைவுதான்.

இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கரையோர மக்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கடல் உள்வாங்கிய பிறகுதான் அலை வரும் என்பது கட்டாயமில்லை. சில கரைகளில் அலையே முதலில் வரும்.

2012-இலும் பெரிய நிலநடுக்கம் வந்ததே, அப்போது ஏன் சுனாமி இல்லை?

2012 ஏப்ரல் 11 நிலநடுக்கம் 8.6 அளவு. சென்னையில் பலர் கட்டடங்களைவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். ஆனால் அங்கே தரை பக்கவாட்டில் உரசி நகர்ந்தது, மேலே எழவில்லை. நீரைத் தூக்காத நிலநடுக்கம் பெரும் சுனாமியை உண்டாக்காது.

தமிழ்நாட்டுக்கு நிலநடுக்க ஆபத்து உண்டா?

தட்டு எல்லையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறோம், ஆகவே இமயமலை அளவுக்கு இல்லை. அறவே இல்லை என்பதும் சரியல்ல. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் பகுதியில் ஏறக்குறைய 6 அளவு நிலநடுக்கம் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவு அதிர்வு ஏற்பட்டுச் சென்னை வரை உணரப்பட்டது.

வடக்கே மோதும் தட்டின் அழுத்தம் உள்ளே வரை பரவுகிறது. பழைய பிளவுகள் இருக்குமிடத்தில் அது அவ்வப்போது வெளிப்படும். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லத்தூர் பகுதியில் 6.2 அளவு நிலநடுக்கம் பல ஆயிரம் பேரைக் கொன்றது. பாதுகாப்பான பகுதி என்று எண்ணியிருந்த இடம் அது. கல்லையும் மண்ணையும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் தூங்கியவர்கள் மேல் விழுந்ததே பெரும் காரணம். ஆகவே வீடு கட்டும்போது தூணையும் உத்தரத்தையும் சரியான கம்பிக் கட்டோடு இணைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தரைத்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி வண்டி நிறுத்தமாக்கும் அடுக்குமாடிகளைப் பொறியாளர் கணக்கிட்டுப் பார்க்காமல் கட்டக் கூடாது.

எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

முடியாது. எந்தப் பகுதியில் ஆபத்து அதிகம் என்று சொல்லலாம். நாளும் நேரமும் குறித்து வாட்ஸ்அப்பில் வரும் செய்தி எதுவாக இருந்தாலும் பொய்.

குமரிக்கண்டம் கடலில் மூழ்கியது உண்மையா?

இந்தக் கேள்வி தமிழர்களுக்கு நெருக்கமானது, எனவே கவனமாகச் சொல்கிறேன். 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினங்கள் இருப்பதை விளக்க லெமூரியா என்ற மூழ்கிய கண்டத்தைக் கற்பனை செய்தார். பின்னாளில் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசப்பட்டது இதுதான். நிலம் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தட்டு நகர்வு புரிந்த பிறகு அந்தக் கண்டம் தேவைப்படவில்லை: இரு நிலங்களும் ஒட்டியிருந்தன, பிரிந்தன, அவ்வளவுதான். இந்தியப் பெருங்கடலின் தரையை அளந்து பார்த்தாயிற்று. அது மெல்லிய, கனமான கடலடி மேலோடு. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உருவானது. 2017-இல் மொரீசியஸில் ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்கள் கிடைத்ததும் உண்மை. ஆனால் அது கோண்டுவானா உடைந்தபோது சிதறிய சிறு கண்டத்துண்டின் எச்சம், மனிதர் வாழ்ந்த நாடு அல்ல.

அதற்காகக் கடல்கோள் பற்றிப் பழந்தமிழ் இலக்கியம் பேசுவதை வெறும் கற்பனை என்று தள்ளவும் வேண்டாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது பாக் நீரிணை தரையாக இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். கன்னியாகுமரிக்குத் தெற்கே, இன்று மீனவர்கள் நன்கறிந்த வாட்ஜ் பேங்க் மேட்டின் பெரும்பகுதியும் நிலமாக இருந்திருக்கும். பனி உருகியபோது கடல் அந்தத் தாழ்நிலங்களைக் கொண்டது. கண்டம் மூழ்கவில்லை, கரை பின்வாங்கியது. அந்தக் கரையைக் கடலடித் தொல்லியலோடு தேடுவது, வரைபடத்தில் இல்லாத கண்டத்தை வரைவதைவிடப் பயனுள்ளது.

இனி இந்தியா எங்கே போகும்?

இன்னும் வடக்கேதான், வேகம் குறைந்துகொண்டே. இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் கடற்தரை மடிந்தும் உடைந்தும் இருக்கிறது. ஒரே தட்டாகக் கருதப்பட்ட இந்திய, ஆஸ்திரேலியத் தட்டுகள் அங்கே பிரிந்துகொண்டிருக்கின்றன. 2012 நிலநடுக்கத்தையும் அதன் ஒரு பகுதியாகவே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நேரில் காட்ட எங்கே அழைத்துப் போகலாம்?

சென்னையிலேயே தொடங்கலாம். பரங்கிமலை, பல்லாவரம் பகுதியில் தெரியும் சார்னோகைட் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடையது. நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்து உருவானது. அதன்மேல் இருந்த பல கி.மீ. பாறை தேய்ந்து போன பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. இதே போன்ற பாறைகள் இலங்கையிலும் அண்டார்டிகாவிலும் இருக்கின்றன.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராகப் பின்னாளில் பணியாற்றிய எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைப் பதிவு செய்தார். அண்டார்டிகா பிரிந்த பிறகு கடல் உள்ளே புகுந்திருந்த காலத்தில், ஆறு அடித்துக் கொண்டுவந்த மரம் அந்தக் கடலில் புதைந்து கல்லானது. பக்கத்தில் அரியலூர், காரை பகுதியின் வண்டல்களில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. முக்திநாத் போக முடியாதவர்கள் இங்கே பார்க்கலாம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் இன்னும் பிற்காலத்துக் கல்மரங்களின் பூங்கா இருக்கிறது.

கோடை தவிர்த்து, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் போவது நல்லது. குடிநீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். கல்மரத் துண்டையோ புதைபடிவத்தையோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.